கட்டிலுக்கு அடியில் ஒரு காது

என் அம்மா இப்போதெல்லாம் கட்டிலில் உட்காரும் முன் குனிந்து அடியில் ஒரு பார்வை பார்க்கிறார். முட்டி வலி உள்ளவர், அப்படிக் குனிவது அவருக்குச் சுலபமில்லை. ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை முழங்காலில் ஊன்றி மெதுவாகக் குனிகிறார். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அதே மெதுவோடு நிமிர்ந்து உட்காருகிறார். யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில்தான் செய்கிறார். ஆனால் நான் பலமுறை பார்த்துவிட்டேன். இதற்குக் காரணமும் நான்தான். பிள்ளைகள் ஒற்றர் விளையாட்டு விளையாட வீட்டிலேயே கருவிகள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியாகக் கொடுத்தது அந்தக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நடந்து சில மாதங்கள் ஆகின்றன. அதை நினைக்காமல் ஒரு வாரம்கூட எனக்குப் போகவில்லை.

ஆரம்பித்தது ஒரு விடுமுறையில். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஏழு. கதவுக்குப் பின்னால் ஒளிவது, காலடிச் சத்தம் இல்லாமல் நடப்பது, யார் எந்த அறைக்கு எத்தனை முறை போனார்கள் என்று நோட்டில் குறித்துவைப்பது என்று இருவரும் நாள் முழுக்க ஒற்றர்களாகவே திரிந்தார்கள். யாரோ பரிசாகக் கொடுத்த பொம்மைப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. அதிலிருந்த தொலைநோக்கியில் லென்ஸுக்குப் பதில் வெறும் பிளாஸ்டிக் வட்டம். எதையும் கிட்டத்தில் காட்டாது. பெரியவள் ஒருமுறை கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது பொய்" என்று ஓரமாக வைத்தாள். அப்புறம் என்னிடம் வந்து, "நிஜமா வேலை செய்யற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்கப்பா" என்றாள். அந்த 'நிஜமா' என்ற சொல்லில் நான் விழுந்துவிட்டேன். விளையாட்டு கற்பனையாக இருக்கலாம், கையில் இருக்கும் கருவி பொய்யாக இருக்கக் கூடாது. இதை இன்றும் நம்புகிறேன்.

முதலில் செய்தது பெரிஸ்கோப், ஒளிந்திருந்தபடியே மறைவுக்கு அப்பால் பார்க்க உதவும் கருவி. நீளமான அட்டைப் பெட்டி, இரண்டு சிறிய கண்ணாடிகள், ஒட்டும் டேப். இவ்வளவுதான் தேவை. கண்ணாடிகள் சரியாக 45 பாகையில் சாய்ந்து, ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். அதற்கு அளவுகோல் எல்லாம் வேண்டியதில்லை. ஒரு சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்தால் கிடைக்கும் சாய்வே 45 பாகை. அந்த மடிப்பைப் பெட்டியின் பக்கத்தில் வைத்துக் கோடு போட்டு, கோட்டின் மேல் வெட்டிக் கண்ணாடியைச் செருகினால் போதும். எளிதில் உடையாத அக்ரிலிக் கண்ணாடிதான் பிள்ளைகளுக்கு நல்லது. சூரியனை மட்டும் அதன் வழியாகப் பார்க்கக் கூடாது. சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரியும் அல்லவா, இதில் இரண்டாவது கண்ணாடி அதைத் திருப்பிச் சரியாக்கிவிடும். எதிரே மாட்டியிருக்கும் காலண்டரை அப்படியே படிக்கலாம். பார்க்கும் துளைகளில் ஒன்று பெட்டியின் முன்பக்கமும் இன்னொன்று பின்பக்கமும் இருக்க வேண்டும். முதல் முயற்சியில் நான் இரண்டையும் ஒரே பக்கத்தில் வெட்டி, கண்ணாடிகளையும் அதற்கேற்பச் சாய்த்துவிட்டேன். அப்படி வெட்டினால் முன்னால் இருப்பது தெரியாது, நமக்குப் பின்னால் இருப்பது தெரியும், அதுவும் தலைகீழாக. அதைக் குப்பையில் போடப் போனேன். பெரியவள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். பின்னால் வருகிறவரைத் திரும்பாமலே பார்க்கும் கருவி அவளுக்குச் சரியாகச் செய்த பெரிஸ்கோப்பைவிடப் பிடித்துவிட்டது. தலைகீழாக நடந்து வரும் ஆள் யார் என்று நடையை வைத்தே சொல்லப் பழகினாள்.

பெட்டி நீளமானால் பார்வை குறுகும். எங்களுடையதில் ஒரே சமயத்தில் ஒரு ஆள் முகம் தெரியும், அதற்கு மேல் தெரியாது. அறை முழுவதையும் பார்க்க வேண்டுமானால் பெட்டியை மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். திருப்பும்போது அட்டை கதவில் உரசும், உரசினால் உள்ளே இருப்பவருக்குக் கேட்டுவிடும். அப்போது இதை ஒரு குறையாகத்தான் நினைத்தேன்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத மை. எலுமிச்சைச் சாறில் தீக்குச்சி முனையைத் தோய்த்து எழுதி உலரவிட்டு, சூடு காட்டினால் எழுத்து பழுப்பாக எழும்பும். சாறு படிந்த இடம் மற்றத் தாளைவிட முன்னதாகக் கருகத் தொடங்குவதால் வரும் நிறம் அது. முன்பு குண்டு பல்பின் மேல் காட்டினாலே போதும். எல்.இ.டி. விளக்கில் அந்தச் சூடு கிடையாது, அதனால் இஸ்திரிப் பெட்டிதான் வழி. ஒவ்வொரு கடிதத்துக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. பெரியவர் நின்று படிக்கும் கடிதத்தில் என்ன ரகசியம் இருக்கும்? சில நாளில் வேறு வழிக்கு மாறினோம். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து எழுதுவது, உலர்ந்த பின் மஞ்சள்தூள் கரைத்த நீரைத் தூரிகையால் பூசுவது. தாள் முழுக்க மஞ்சளாகும், எழுதிய இடம் மட்டும் சிவந்து நிற்கும். மஞ்சளின் நிறம் காரம் பட்டால் மாறும் என்பதுதான் சங்கதி. அடுப்பும் வேண்டாம், அப்பாவும் வேண்டாம். அன்று முதல் வீட்டில் பல தாள்கள் மஞ்சளாகத்தான் கிடந்தன. முதல் உலகப் போரில் எலுமிச்சைச் சாறால் கடிதம் எழுதிப் பிரிட்டனில் பிடிபட்ட கார்ல் முல்லர் என்ற ஜெர்மானிய ஒற்றர் 1915 ஜூனில் லண்டன் கோபுரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கில் சாட்சியாக வைத்த எலுமிச்சம்பழம் நூறாண்டுக்குப் பிறகும் கறுத்துச் சுருங்கிப் பாதுகாப்பில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவில்லை. ஆனால் எலுமிச்சையை நறுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழம் ஞாபகம் வந்தது.

216 சாவிகள்

எல்லாவற்றிலும் நான் மிகவும் ரசித்துச் செய்தது எழுத்துச் சக்கரம். ஆளுக்கு இரண்டு அட்டை வட்டம், பெரியதன்மேல் சிறியது, நடுவில் ஓர் ஊசி. வெளி வட்டத்தில் எழுத்துகள் வரிசையாக இருக்கும், உள் வட்டத்திலும் அதே வரிசை. உள் வட்டத்தைத் திருப்பி வைத்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் எதிரே வேறு எழுத்து வந்து நிற்கும். ஜூலியஸ் சீசர் மூன்று எழுத்து தள்ளி எழுதினார் என்பார்கள். இப்படிச் சுழலும் தட்டாக அதை ஆக்கியவர் இத்தாலியின் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி, 1467 வாக்கில். அவர்களுக்கு எழுத்து கொஞ்சம், ஒரே சக்கரத்தில் அடங்கிவிடும். தமிழில் 247 எழுத்தை எந்த வட்டத்தில் எழுதுவது? ஒரு மாலை முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். விடையைச் சொன்னது பெரியவள்தான். "எல்லாம் எதுக்குப்பா? பதினெட்டை மட்டும் சுத்துனா போதுமே, கொம்பும் காலும் கூடவே வரும்" என்றாள். மெய்யை மட்டும் மாற்றினால் போதும், உயிர் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். 18 மெய்க்கு வட்டத்தைப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் மிகச் சரியாக 20 பாகை. ஒரு இடம் தள்ளினால் ம என்பது ய ஆகும், ர என்பது ல ஆகும். 'மரம்' என்பது 'யலய்' ஆகிவிடும். "ஜ எங்கே?" என்று சின்னவன் கேட்டான். ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் மாற்றாமல் விட்டுவிடுவது என்று முடிவானது. நான்கையும் சேர்த்தால் 22, வட்டம் சரியாகப் பிரியாது.

இதை அரை மணி நேரத்தில் உடைத்தவர் என் அம்மா. அதுவரை அவர் விளையாட்டில் இல்லை. பிள்ளைகள் மேசையில் மறந்து வைத்த ஒரு தாளை எடுத்து, குறுக்கெழுத்துப் போடும் பென்சிலோடு உட்கார்ந்தார். "எல்லா வார்த்தையும் ய்-ல முடியுது. நம்ம பேச்சுல இவ்வளவு அடிக்கடி கடைசியில வர்றது ம்-தானே?" என்றார். அவ்வளவுதான், ஒரு எழுத்து தெரிந்தால் சக்கரம் முழுவதும் தெரிந்த மாதிரி. பிள்ளைகள் அசந்துபோனார்கள். அன்று சாயங்காலமே பாட்டியை எதிரி நாட்டின் தலைமை ஒற்றராக நியமித்தார்கள். அவரை முறியடிக்க இரண்டாவது சக்கரம் செய்தோம். 12 உயிருக்கு ஆளுக்கு 30 பாகை. மெய்ச் சக்கரமும் உயிர்ச் சக்கரமும் தனித்தனியாகத் திரும்பும். 'மாடு' என்பது 'யிணூ' என்று ஆனது. மெய்க்குப் பதினெட்டு நிலை, உயிருக்குப் பன்னிரண்டு நிலை, பெருக்கினால் 216 சாவிகள். தமிழில் உயிர்மெய் எழுத்துகளின் எண்ணிக்கையும் அதே 216 என்பதைக் கவனித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பிள்ளைகளிடம் விளக்கிச் சொல்ல முடியவில்லை. பதினெட்டும் பன்னிரண்டும் பெருகித்தானே அந்த எண்ணே வந்தது, வியக்க ஒன்றுமில்லை என்று அறிவு சொல்கிறது. ஆனாலும் நம் எழுத்தின் கட்டுமானத்தை ஒரு அட்டைத் துண்டில் கையால் திருப்பிப் பார்த்தது போல இருந்தது.

இரண்டாவது சக்கரத்துக்கும் அம்மா ஒரு நாள்தான் எடுத்துக்கொண்டார். புள்ளி வைத்த எழுத்துக்கு உயிர் கிடையாது, அதனால் அது மெய்ச் சக்கரத்தில் மட்டும்தான் மாறும். சொல்லின் கடைசியில் நிற்கும் ம் எப்போதும் ஒரே எழுத்தாகத்தான் மாறி நிற்கும். அதைப் பிடித்தால் மெய்ச் சக்கரம் கைக்கு வந்தது. மிச்சம் பன்னிரண்டு நிலைதான், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் போயிற்று. "ஒற்றுதான் ஒற்றனைக் காட்டிக் குடுத்துச்சு" என்று சொல்லிச் சிரித்தார். அந்த இரண்டு வாரம் அவர் இருந்த உற்சாகத்தை அப்பா போன பிறகு நான் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் கதவு இடுக்கில் செருகும் தாளுக்காகக் காத்திருப்பார். வராவிட்டால், "இன்னைக்கு எதிரி நாட்டுல ஒண்ணும் நடக்கலையா?" என்று விசாரிப்பார். இதை இங்கே விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவர் வேடிக்கை பார்த்தவர் அல்ல, விளையாட்டில் ஒருவர். நாங்கள் எதைக் கெடுத்தோம் என்பது இது தெரிந்தால்தான் புரியும்.

நடுவில் ஒரு மிதியடி மணியும் செய்தோம். இரண்டு அட்டை, இரண்டிலும் அலுமினியத் தாள், நடுவில் ஓட்டை போட்ட ஸ்பான்ஞ். மிதித்தால் இரு தாளும் தொட்டுக்கொண்டு, இரண்டு பென்சில் பேட்டரியில் பஸ்ஸர் கத்தும். நன்றாக வேலை செய்தது. இந்த மாதிரி வேலைக்குச் சிலர் பட்டன் பேட்டரி வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணாகிவிடும். வலிமையான குட்டிக் காந்தங்களும் அப்படித்தான், இரண்டு மூன்றை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். லேசர் விளக்கு வைத்து அலாரம் செய்வது பார்க்க அழகாக இருக்கும், விளையாடும் பிள்ளைகளின் கண் உயரத்தில் அது வேண்டவே வேண்டாம்.

"போன்தான் கேட்டுச்சு"

பெரியவளின் பிறந்தநாள் வந்துகொண்டிருந்தது. பாட்டி என்ன பரிசு வாங்கப் போகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் புதிய வேலைத்திட்டம். "ஒட்டுக் கேக்கற கருவி ஒண்ணு செஞ்சு குடுங்கப்பா, நிஜமா" என்று கேட்டாள். என்னிடம் சிம் இல்லாத பழைய போன் ஒன்று இருந்தது. ஒலிப்பதிவைப் போட்டு, திரையை அணைத்து, கறுப்புத் தாளில் சுற்றிக் கொடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெரிஸ்கோப்புக்கு ஒரு மத்தியானம், சக்கரத்துக்கு ஒரு மாலையும் ஒரு இரவும். இதில் செய்வதற்கு என்று எதுவுமே இருக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவர்கள் அதைப் பாட்டியின் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் எடுத்து வந்து கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, "ரகசிய ஒலிப்பதிவு!" என்று அறிவித்துப் போட்டார்கள். பாட்டியும் இருந்தார், சிரித்துக்கொண்டுதான் இருந்தார். முதலில் விசிறி சத்தம், செருப்பு சத்தம், அலமாரி திறக்கும் சத்தம். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் அம்மாவின் குரல் வந்தது. துணி மடித்துக்கொண்டே பேசியிருக்கிறார் போல, நடுநடுவே துணி உதறும் ஓசை. யாரிடம் பேசுகிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. "உங்க பேரன் இன்னைக்கு முழு கதையும் தானே படிச்சுட்டான்" என்றது குரல். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. "முட்டி ராத்திரியில தூங்க விடமாட்டேங்குது. அவன்கிட்ட சொல்லலை. ஏற்கெனவே அலையறான், இதுல இது வேறயா..." கொஞ்ச நேரம் விசிறி சத்தம் மட்டும் கேட்டது. "நீங்க இருந்தா தைலம் தேய்ச்சு விடுவீங்க."

எழுந்து போய் நிறுத்த எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. சில நொடிகள்தான் இருக்கும். அம்மா தலையைக் குனிந்துகொண்டு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பெரியவளுக்கு என்னவோ தப்பாகிவிட்டது என்று புரிந்து கண் கலங்கிவிட்டது. சின்னவன்தான் பாட்டியின் மடியைப் பிடித்துக்கொண்டு அவசரமாகச் சொன்னான்: "நாங்க கேக்கலை பாட்டி. போன்தான் கேட்டுச்சு."

அம்மா யாரையும் திட்டவில்லை. அவன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் நான் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மறுக்காமல் வந்தார், மாத்திரையும் பயிற்சியும் கொடுத்தார்கள், இப்போது இரவில் கொஞ்சம் தூங்குகிறார். இங்கேதான் எனக்கு முள் குத்துகிறது. அந்த ஒலிப்பதிவு இல்லாவிட்டால் எனக்கு அந்த வலி தெரிந்தே இருக்காது. அதனால் நல்லதும் நடந்திருக்கிறது. மருத்துவரிடமிருந்து திரும்பி வரும்போது, "இதை ஏம்மா என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். கோபம் ஏதும் இல்லாமல், ஒரு தகவல் சொல்வது போல அவர் சொன்னார்: "அது அவர்கிட்ட சொன்னதுடா. உன்கிட்ட சொன்னது இல்லை."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பல நாள் எனக்குள் வாதாடிப் பார்த்தேன். வலி தெரிந்தது நல்லதுதானே, தெரிந்த வழி தப்பாக இருந்தால் என்ன என்று ஒரு பக்கம். அம்மா அதன்பின் அறையில் தனியாகப் பேசுவதை நிறுத்திவிட்டார் என்பது இன்னொரு பக்கம். எனக்குத் தெரிந்த வரை அவர் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்த ஒரே இடம் அந்த அறை. முட்டிக்கு மருந்து கிடைத்ததற்கு ஈடாக அது போனது. இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் எனக்கு நேராகவில்லை.

சின்னவன் தப்பிக்கத்தான் அப்படிச் சொன்னான். ஆனால் அவன் சொன்னது துல்லியமான உண்மை. அவர்கள் கேட்கவில்லை, போன்தான் கேட்டது. அவர்கள் அப்போது வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் செய்த மற்ற எல்லாக் கருவியிலும் ஒற்றன் அங்கேயே இருந்தாக வேண்டும். பெரிஸ்கோப்பில் பார்ப்பவன் கதவுக்குப் பக்கத்தில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்க வேண்டும். அட்டை உரசும், தும்மல் வரும், கால் மரத்துப்போகும். அவன் அதே கதவோரமாக உட்கார்ந்து பாட்டியின் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் வாக்கியத்திலேயே உள்ளே ஓடியிருப்பான். "யார்கிட்ட பாட்டி பேசறே?" என்று கேட்டிருப்பான். பாட்டி அவனை மடியில் உட்காரவைத்து எதையாவது சொல்லியிருப்பார், அல்லது சொல்லாமல் சிரித்திருப்பார். ஒளிந்து கேட்பவனின் உடம்பே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைத்தான் நான் குறை என்று நினைத்திருந்தேன். போனுக்குத் தும்மல் வராது. கேட்கக் கூடாத இடம் வந்துவிட்டது என்று எழுந்து வரவும் அதற்குத் தெரியாது.

பெரியவர்களின் உலகத்தில் இதன் உச்சம் ஒன்று நடந்திருக்கிறது, அதில் பிள்ளைகளையும் இழுத்துவிட்டிருக்கிறார்கள். 1945 ஆகஸ்ட் 4 அன்று மாஸ்கோவில் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் அமெரிக்கத் தூதர் ஆவரெல் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க இலச்சினை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அதைத் தன் இல்லத்தில் மாட்டிவைத்தார். உள்ளே லியோன் தெரமின் என்ற சோவியத் கண்டுபிடிப்பாளர் வடிவமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. அதில் பேட்டரி இல்லை, மின்கம்பி இல்லை. வெளியிலிருந்து வானொலி அலையை அதன்மேல் பாய்ச்சும்போது மட்டும் உயிர்பெற்று, அறையில் பேசுவதை அந்த அலையிலேயே ஏற்றித் திருப்பி அனுப்பும். 1952இல்தான் கண்டுபிடித்தார்கள். ஏழு வருடம் அது சுவரில் தொங்கியது. பிள்ளைகள் கொடுத்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதுதான் அந்தத் திட்டத்தின் அச்சாணி. இதை முன்பு படித்தபோது கருவியின் சாமர்த்தியத்தை வியந்திருக்கிறேன். இப்போது படித்தால் அந்தப் பரிசை ஏந்தி நின்ற பிள்ளைகளின் கைகள்தான் கண்ணில் நிற்கின்றன. என் பிள்ளைகளின் கையில் கறுப்புத் தாள் சுற்றிய போனைக் கொடுத்தபோதும் பாட்டி சந்தேகப்பட மாட்டார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2017இல் ஜெர்மனி காய்லா என்ற பேசும் பொம்மையைத் தடை செய்தது. மறைவாக ஒலி அனுப்பக்கூடிய கருவி, ஆகவே அது ஒளித்துவைத்த வேவுக் கருவி என்று அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு வகைப்படுத்தியது. அதே ஆண்டின் கடைசியில் பிள்ளைகளுக்கான சில கைக்கடிகாரங்களையும் அதே சட்டத்தில் தடுத்தார்கள். பெற்றோர் வீட்டிலிருந்தபடியே, பிள்ளைக்குத் தெரியாமல், அதைச் சுற்றி நடக்கும் பேச்சைக் கேட்க முடியும் என்பதே காரணம். வகுப்பில் ஆசிரியர் பேசுவதைக்கூடப் பெற்றோர் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கடிகாரம் ஒன்றைப் பெரியவளுக்கு வாங்கலாமா என்று நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனையைக் கைவிட்டேன். என் கவலை பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவளும் ஒருநாள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கப் பழகிவிடக் கூடாது.

விறைப்பாகப் பிடித்தால்தான்

மூன்று வாரம் வீட்டில் எந்த ஒற்றர் வேலையும் நடக்கவில்லை. சக்கரங்கள் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டன. பிறகு ஒரு நாள் சின்னவன்தான் வந்து, பாட்டி அறைக்கு நூல் போன் போடலாமா என்று கேட்டான். "பாட்டிகிட்ட நீயே கேளு" என்றேன். அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. அது எப்படி வேலை செய்யும் என்று என்னை வரச்சொல்லிக் கேட்டார். பெரிஸ்கோப்பையோ சக்கரத்தையோ பற்றி அவர் அப்படிக் கேட்டதில்லை.

நான் விளக்கினேன். இரண்டு காகிதக் கோப்பை, அடியில் ஊசியால் ஒரு துளை, நூலை உள்ளே விட்டு ஒரு தீக்குச்சித் துண்டில் முடிச்சு. பேசினால் கோப்பையின் அடி அதிரும், அதிர்வு நூல் வழியே போய் அடுத்த கோப்பையின் அடியை ஆட்டும், அது காதில் குரலாக விழும். 1665இலேயே ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி, விறைப்பாக இழுத்த கம்பி வழியே குரலை வெகுதூரம் கொண்டுபோனதாக மைக்ரோகிராஃபியா நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். எல்லாவற்றிலும் முக்கியம் அந்த விறைப்புதான். நூல் தொய்ந்தால் அதிர்வு போகாது. சுவரில் பட்டாலும் யாராவது நடுவில் விரலால் தொட்டாலும் அங்கேயே அடங்கிவிடும். திருப்பத்தில் கதவு நிலையில் உரசாமல் இருக்க, ஒரு ரப்பர் வளையத்தைத் தொங்கவிட்டு அதற்குள் நூலைக் கோத்தோம். நடுவில் மூன்றாவதாக ஒரு கோப்பையைக் கட்டி ஒட்டுக் கேட்கலாம், ஆனால் அதைக் கட்டியதுமே குரல் மங்கிவிடும், நூல் கனக்கும். இரு முனையில் இருப்பவர்களுக்கும் தெரிந்துவிடும்.

"அப்போ நான் நூலைத் தளர்த்திட்டா?"

"ஒண்ணும் கேக்காதும்மா."

அவர் நம்பவில்லை, சோதித்துப் பார்த்தார். கோப்பையை எடுத்து, நூல் இழுபடும் வரை பின்னால் நகர்ந்து, "ஒன்று" என்றார். அந்த முனையிலிருந்து சின்னவன், "கேக்குது!" என்று கத்தினான். ஒரு அடி முன்னால் வந்து, அதே குரலில், "இரண்டு" என்றார். பதில் இல்லை. மறுபடி பின்னால் போய், "மூன்று". கேட்டது. முன்னால் வந்து, "நான்கு". கேட்கவில்லை. இப்படிப் பத்து வரைக்கும் எண்ணினார். முட்டி வலியோடு ஒரு அடி முன்னும் ஒரு அடி பின்னுமாக, மிகக் கவனமாக. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து முடிந்ததும் கோப்பையை ஜன்னல் கம்பியில் இருந்த கொக்கியில் மாட்டினார். நூல் தொய்ந்து தரையில் விழுந்தது. "இருக்கட்டும்" என்றார்.

சக்கரங்களும் இழுப்பறையிலிருந்து வெளியே வந்துவிட்டன. பெரியவள் சாவியை மாற்றிவிட்டாள், எனக்குச் சொல்லவில்லை. போன வாரம் என் நாற்காலிக்கு அடியில் அவள் தவறவிட்ட தாள் ஒன்று கிடந்தது. சொல்லின் கடைசி எழுத்துகளைப் பார்த்தாலே எனக்கு மெய்ச் சக்கரம் பிடிபட்டுவிடும். மடித்து அவள் புத்தகத்துக்குள் வைத்தேன்.

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பதை அம்மா இன்னும் விடவில்லை. பகல் முழுவதும் நூல் தரையில் தொய்ந்து கிடக்கிறது, மிதிக்காமல் தாண்டிப் போகப் பழகிவிட்டோம். பள்ளி விட்டு வந்ததும் சின்னவன் தன் முனையில் போய் உட்கார்ந்து கோப்பையைக் காதில் வைத்துக்கொள்கிறான். கூப்பிடக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். சில நாள் அப்படியே எழுந்து போகிறான். சில நாள் தரையில் கிடக்கும் நூல் மெல்ல அசைந்து, எழும்பி, இழுபட்டு நேராகிறது.